சுடுநீரும் வீட்டுழைப்பும்: வலையமைப்புக்குப் புறத்தே நின்ற வீடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாறு பற்றி எழுதப்பட்ட நூல்களிற் பெரும்பாலானவை நீராவி எந்திரத்துக்கும் புகைவண்டிக்கும் மின்பிறப்பாக்கிக்கும் அதிகாரம் அதிகாரமாக இடம் ஒதுக்குவன. வீட்டின் பின்புறத்திலே குளிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் நீர் எவ்வாறு சூடாக்கப்பட்டது, அந்நீரை யார் சுமந்தனர், அடுப்பை யார் மூட்டினர் என்ற வினாக்கள் அவற்றில் எழுவது அரிது. இதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஊதியம் பெறாத உழைப்பைக் கணக்கில் எடுக்காத பொருளியலைப் போலவே, அவ்வுழைப்பைக் குறைத்த கருவிகளையும் வரலாற்றாசிரியர்கள் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டனர்.

பொது நீர்க்குழாய், வாயுக்குழாய், மின்கம்பி ஆகியன எட்டாத தனி வீட்டை இன்று ‘வலையமைப்புக்குப் புறத்தே உள்ள வீடு’ என வழங்குகின்றனர். காட்டோரத்து மரக்குடிலொன்றிற் சுடுநீர்க்குழாய் அமைப்பதெப்படி என்பது மேனாடுகளில் இப்போது பலரும் ஈடுபாட்டுடன் ஆராயும் ஒரு பொருளாகிவிட்டது. ஒரு சாரார் இதனை முன்னோர் வாழ்க்கைக்குத் திரும்புதல் எனப் போற்றுகின்றனர். இன்னொரு சாரார் வசதி படைத்தோரின் விளையாட்டு எனத் தள்ளிவிடுகின்றனர். இரு சாராரும் வலையமைப்பை இயல்பான நிலையெனவும், அதற்குப் புறத்தே நிற்பதை விலகலெனவும் கொள்வதில் ஒன்றுபடுகின்றனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் வீடுகளில் மிகப் பெரும்பான்மையானவை அவ்வாறு புறத்தே நின்றவையே என்பது மறக்கப்பட்டுவிடுகிறது. அதனிலும் முக்கியமான ஒன்றும் மறக்கப்படுகிறது. வலையமைப்பின் உதவியின்றிக் குழாயிலே சுடுநீர் பெறும் வழி 1909ஆம் ஆண்டளவிலேயே, நடைமுறையில் நின்று பயன்தரத்தக்க முறையிற் கண்டறியப்பட்டிருந்தது. அது ஏன் கைவிடப்பட்டது என்பதை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்தை முதன்மையான சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வேலையின் அளவை உணர்ந்துகொள்ளல் வேண்டும். ஒரு தொட்டிக் குளியலுக்கு 100 லீற்றர் நீர் தேவையெனின், 100 கிலோகிராம் பாரத்தைக் கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாளிக்குப் பத்து லீற்றராகப் பத்து நடை. பயன்படுத்திய நீரை வெளியே கொண்டுசென்று ஊற்ற மேலும் பத்து நடை. அந்நீரின் வெப்பநிலையை 30 பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாற்று மணியாகும். ஒரு கிலோவிலும் குறைந்த உலர்ந்த விறகில் இவ்வளவு வெப்பமும் அடங்கியுள்ளது. ஆயின் திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடும் காற்றோடும் போய்விடுவதாற் பன்மடங்கு விறகு எரிக்க வேண்டியிருந்தது. அவ்விறகை வெட்டுவதும் பிளப்பதும் பெரும்பாலும் ஆடவரின் வேலை. அதனை அடுக்களைக்கு எடுத்துவந்து எரியவைத்து, சாம்பல் அள்ளி, நீரைத் தூக்கி ஊற்றியது பெண்களும் சிறுவரும் வேலையாட்களும். ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒரு முறைதான் குளித்தார்கள் என்று படிக்கும்போது, அதனைச் சுகாதார அறிவின் குறைவாகக் கருதுவோர் இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நன்று.

குழாயிற் சுடுநீர் என்பது மூன்று காரியங்களின் சேர்க்கையாகும்: நீரை உயரத்துக்கு ஏற்றல், அதனைச் சூடாக்கல், சூட்டைக் காத்தல். இவற்றை ஒருங்கிணைத்தல் புதிய கருத்தன்று. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் உரோமக் கட்டடக் கலைஞர் விற்றுருவியசு, உலையின் மேல் மூன்று வெண்கலக் கலன்களை ஒன்றன் நீர் மற்றொன்றுக்கு வழியுமாறு அமைக்கும் முறையை விவரித்துள்ளார். அதன் பயன் பொதுக் குளியல் மண்டபங்களுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் உரியதாயிருந்தது. உலைக்கு விறகு இட்டோர் அடிமைகள். உழைப்பு மலிவாக இருந்த சமூகத்தில் அதனைக் குறைக்கும் கருவி சாதாரண வீட்டுக்கு வரவேண்டிய தேவை எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு அடுப்புப் பரவியபின் நிலைமை மாறிற்று. அடுப்பின் தீப்பெட்டிக்குப் பின்புறத்தே ஒரு சிறிய வெற்று இரும்புப் பெட்டி அல்லது சுருள்குழாய் பொருத்தப்பட்டது. அதனின்று இரு குழாய்கள் அடுப்பின் அருகே நிமிர்த்தி வைக்கப்பட்ட நீர்த்தாங்கிக்குச் சென்றன. சமையலுக்கு மூட்டிய அதே தீ, வேறு செலவின்றி நீரையும் சூடாக்கியது. இதில் இயங்கும் தத்துவம் எளியது. எனினும் பின்வருவன யாவும் அதனையே அடிப்படையாகக் கொண்டிருத்தலாற் சற்று விரித்துரைத்தல் தகும். 20 பாகையிலே ஒரு கன மீற்றர் நீரின் திணிவு ஏறத்தாழ 998 கிலோகிராம். 60 பாகையில் அது 983 கிலோகிராம். வேறுபாடு ஒன்றரை வீதந்தான். அருகருகே நிற்கும் ஒரு மீற்றர் உயரமான இரு நீர்க்கம்பங்களில் ஒன்று குளிர்ந்தும் மற்றது சூடாகவும் இருப்பின், அவற்றின் அடிப்பகுதியில் எழும் அமுக்க வேறுபாடு 15 மில்லிமீற்றர் நீருக்குச் சமமானது. இந்த அற்ப வேறுபாடே சூடான நீரை மேலே தாங்கிக்கு அனுப்பி, குளிர்ந்த நீரைக் கீழே இழுத்துவரப் போதுமானது. பம்பி வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை. குழாய் போதிய அகலமுடையதாகவும், எங்கும் காற்று தங்காதபடி தொடர்ந்து ஏறும் சரிவுடையதாகவும், தாங்கி வெப்பமூலத்தை விட உயரத்திலும் இருந்தாற் சரி. இம்மேற்காவுகைச் சுற்றோட்டம் தீ எரியும்வரை தானே நடக்கும்.

தீமையும் அங்கேயே இருந்தது. நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஆயிரத்து அறுநூறு மடங்களவிற் பெருகும். மாரியில் இரவு குழாய்கள் உறைந்து அடைபட்ட வீட்டிலே, விடியற்காலையில் வழக்கம்போல அடுப்பு மூட்டப்பட்டது. சுற்றோட்டம் நின்று, அமுக்கம் வெளியேற வழியின்றி அடுப்பே வெடித்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடுங்குளிர்காலங்களில் நிகழ்ந்த அடுக்களைக் கொதிகலன் வெடிப்புகளில் முதலில் அகப்பட்டவர் அடுப்பின் முன்னே நின்றவரே. அவர் பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண் அல்லது தாய். தாங்கியின் உச்சியிலிருந்து கூரைக்கு மேலே திறந்தபடி செல்லும் ஒரு வளிக்குழாயும், நம்பத்தக்க அமுக்கத்தணிப்பு வால்வும் இவ்விபத்தைத் தடுக்கக் கூடியன. இன்றும் மரக்குடிலில் விறகடுப்போடு சுருள்குழாய் இணைப்போருக்கு அனுபவசாலிகள் கூறும் முதல் எச்சரிக்கை அதுவே. அடுப்புக்கும் தாங்கிக்கும் இடையே மூடத்தக்க குழாய்த்திருகி எதனையும் வைக்கலாகாது என்ற விதி பல உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.

கோடைகாலத்தில் அடுப்பு முறை வேறொரு கொடுமையைத் தந்தது. குளிக்கும் நீருக்காகவே அடுப்பை எரியவைத்தால் அடுக்களை முழுவதும் வெந்தது. இச்சூழலிலேதான் 1891ஆம் ஆண்டு, மேரிலாந்து மாநிலத்துப் பால்ட்டிமோர் நகரில் வெப்பமூட்டும் சாதனங்கள் விற்றுவந்த கிளரன்சு கெம்ப் என்பவர், ‘கிளைமாக்சு’ எனும் சூரிய நீர்சூடாக்கிக்கு ஆக்கவுரிமை பெற்றார். கண்ணாடி மூடிய பெட்டி சூரிய வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் என்பது சுவிற்சலாந்து அறிஞர் சொசூர் 1767இல் நிகழ்த்திய பரிசோதனைகளால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கெம்ப் செய்ததெல்லாம் கறுப்பு மை பூசிய நான்கு இரும்பு உருளைத் தாங்கிகளை, உட்புறம் கம்பளித்தாள் ஒட்டிய பைன்மரப் பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி இட்டுக் கூரையிலே ஏற்றியதுதான். மிகச் சிறிய அளவினதான 32 கலன் சூடாக்கியின் விலை 25 டொலர்.

சூரிய சக்தியின் வரலாற்றை முறையாக முதன்முதலில் தொகுத்தவர்களான கென் பூட்டி, ஜோன் பேர்லின் ஆகிய இருவரும் 1980இல் வெளியிட்ட நூலில் ஒரு தகவல் உண்டு. மனைவியரும் பணிப்பெண்களும் கோடை வாசத்துக்குச் சென்றுவிட, நகரிலே தனித்து விடப்பட்ட கனவான்களை நோக்கியே கெம்ப் தமது சாதனத்தை முதலில் விளம்பரப்படுத்தினார் என்பதே அது. அடுப்பு மூட்டும் தொல்லை, அதனைக் கனவான் தாமே செய்யவேண்டி வந்தபோதுதான் பணம் கொடுத்துத் தீர்க்கத்தக்க தொல்லையாயிற்று. வீட்டுழைப்பின் சமூக மதிப்புப் பற்றிப் பல பக்கங்களில் எழுதவேண்டியதை இவ்விளம்பரம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

எனினும் கிளைமாக்சு வேரூன்றியது கிழக்குக் கரையிலன்று, தென் கலிபோர்ணியாவிலேயே. அதற்குக் காரணங்கள் தெளிவானவை. அம்மாநிலத்தில் நிலக்கரி அருமை. அவுஸ்திரேலியாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்துங்கூடக் கப்பலிற் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலக்கரியிலிருந்து செய்யப்பட்ட வாயுவும் அதற்கேற்ப விலை கூடியதாயிருந்தது. வெயிலோ ஆண்டின் பெரும்பகுதி தாராளமாகக் கிடைத்தது. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கலிபோர்ணியாவின் பண்ணைகளிற் காற்றாலைப் பம்பியும் அதனருகே மரக் கோபுரத்தின் மேல் அமைந்த நீர்த்தாங்கியும் வழக்கமான காட்சியாயின. 1854இல் டானியல் ஹலடே ஆக்கவுரிமை பெற்ற, தானாகவே காற்றின் திசைக்குத் திரும்பும் காற்றாலையின் வழிவந்தவை அவை. ஒரு மீற்றர் உயரம் வளியமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்களவான அமுக்கத்தைத் தரும். ஐந்தாறு மீற்றர் உயரத்துத் தாங்கி இருந்தால் எந்தப் பொது நீர்வழங்கலையும் எதிர்பாராமலே குழாயில் நீர் ஓடும். நீரை ஏற்றுவதற்குக் காற்று, சூடாக்குவதற்கு வெயில். வாளியும் விறகும் சேர்ந்து செய்த வேலையை இவை செய்யும் நிலை அங்கே தோன்றியிருந்தது. பசடீனா போன்ற நகரங்களில் நீர் பொதுக்குழாயில் வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அங்கு மக்களை வருத்தியது எரிபொருட்செலவே. 1897ஆம் ஆண்டளவிற் பசடீனா வீடுகளில் நூற்றுக்கு முப்பது வீதமானவை சூரிய சூடாக்கி கொண்டிருந்தன எனவும், 1900ஆம் ஆண்டுக்குள் தென் கலிபோர்ணியாவில் 1,600 கிளைமாக்சு சூடாக்கிகள் விற்பனையாயின எனவும் பூட்டியும் பேர்லினும் கூறுவர்.

கிளைமாக்சுக்கு இருந்த பெருங்குறை யாவரும் அறிந்ததே. நீரைச் சூடாக்கும் கலமே அதனைச் சேமிக்கும் கலமாகவும் இருந்தமையால், பொழுது சாய்ந்ததும் கண்ணாடி வழியே வெப்பம் வெளியேறிவிடும். காலையில் முகம் கழுவச் சுடுநீர் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பிராங் வாக்கர் 1898இல் ஆக்கவுரிமை பெற்ற அமைப்பு, சூரிய சூடாக்கியை வீட்டிலுள்ள வழக்கமான நீர்சூடாக்கியோடு இணைத்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. கோடையில் வெயில், மாரியில் அடுப்பு என்னும் இவ்விணைப்பையே இன்றைய குடில்வாசியும் தாம் கண்ட புதுமையெனக் கருதிச் செய்துகொண்டிருக்கிறார்.

குறையை அடியோடு நீக்கியவர் வில்லியம் பெய்லி எனும் பொறியியலாளர். காணெகி உருக்குத் தொழிற்சாலையிற் பணியாற்றி, காசநோயின் பொருட்டுக் கலிபோர்ணியாவுக்கு வந்தவர். 1909இல் அவர் விற்கத்தொடங்கிய அமைப்புக்குப் ‘பகலும் இரவும்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். சூடாக்கும் பகுதியையும் சேமிக்கும் பகுதியையும் அவர் பிரித்தார். கூரையிலே ஒரு தட்டையான கண்ணாடிப் பெட்டி. அதனுள்ளே கறுப்பு மை பூசிய செப்புத் தகடு. தகட்டோடு பற்றாசு பிடிக்கப்பட்ட வளைந்து செல்லும் சிறு குழாய். தாங்கி அதற்கு மேலே கூரையின் உட்புறத்தில், வெப்பம் வெளியேறாதபடி தடித்த காவலிட்ட உறையினுள் வைக்கப்பட்டது. அடுப்பின் பின்புறத்தே நிகழ்ந்த அதே மேற்காவுகைச் சுற்றோட்டம் இங்கு வெயிலால் நிகழ்ந்தது. தாங்கி உயரத்தில் இருந்தமையாற் பொழுது சாய்ந்ததும் சுற்றோட்டம் தானே நின்றது. சூடான நீர் கீழிறங்கிக் குளிரவில்லை. அசையும் உறுப்பென்று ஒன்றேனும் இல்லாத இவ்வமைப்பு மறுநாட் காலைவரை சுடுநீர் தந்தது. வீட்டுக்குரிய கருவிகளுள் இத்துணைச் சிக்கனமான சிந்தனையின் விளைவாக அமைந்தவை சிலவே என்பது என் கருத்து.

1913ஆம் ஆண்டு சனவரியிற் கலிபோர்ணியாவின் தோடைத் தோட்டங்களை அழித்த கடும் உறைபனி, பெய்லியின் சிறு குழாய்களையும் வெடிக்கச் செய்தது. அவர் அதன் பின்னர்ச் சுற்றோட்டத்தை இரண்டாகப் பிரித்தார். கூரையில் நீரும் மதுசாரமும் கலந்த உறையாத திரவம் ஓடிற்று. அது தாங்கியினுள்ளே ஒரு சுருள்குழாய் வழியாகச் சென்று வீட்டு நீருக்கு வெப்பத்தை மட்டும் கொடுத்து மீண்டது. குளிர்நாட்டுக் குடில்களில் இன்றும் கையாளப்படும் அமைப்பு இதுவே; மதுசாரத்துக்குப் பதிலாக வேறு திரவங்கள் வந்துள்ளன, அவ்வளவே. முதலாம் உலகப் போர் முடிவுறும்போது ‘பகலும் இரவும்’ நிறுவனம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சூடாக்கிகளை விற்றிருந்தது. 1930இல் அது விற்ற சூரிய சூடாக்கிகள் நாற்பது மட்டுமே எனப்படுகிறது.

இந்த வீழ்ச்சியை விளக்குவதிலேயே வரலாற்றாசிரியரின் நோக்குநிலை வெளிப்படும். சிறந்த தொழினுட்பம் குறைந்த தொழினுட்பத்தை வென்றது என்பது வழக்கமான விளக்கம். நிகழ்ந்தது வேறு. 1920ஆம் ஆண்டுகளில் லொஸ் ஏஞ்சலிஸ் வடிநிலத்திற் பெருமளவு எண்ணெயும் இயற்கை வாயுவும் கண்டறியப்பட்டன. எண்ணெய் எடுக்கும்போது உடன்வரும் வாயுவை விற்றாக வேண்டும். அதற்காக இடப்படும் குழாய்வழி பெருமூலதனம் விழுங்குவது. ஒரு தெருவிற் குழாய் இட்டபின், அத்தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் இணைத்தாலன்றி அம்மூலதனம் மீளாது. எனவே வாயுக் கம்பனிகள் சூடாக்கியைத் தவணைக்குக் கொடுத்தன, வீட்டுக்கு இணைப்பை எளிதாக்கின, கட்டணத்தைக் குறைத்தன. சூரிய சூடாக்கியை வாங்குபவர் இருபது ஆண்டு எரிபொருளின் விலையை முதல் நாளிலேயே கொடுத்துவிடுகிறார். வாயுச் சூடாக்கியை வாங்குபவரோ சிறு தொகையுடன் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் கட்டிக்கொண்டிருப்பார். கையிற் பணம் குறைந்த குடும்பம் இரண்டாவதைத் தெரிவது இயல்பே. அத்தெரிவை அறியாமை என்று பழிப்பது நியாயமன்று. கடன் வசதி எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கமே குடும்பங்களும் சென்றன.

பெய்லியும் வாளாவிருக்கவில்லை. தாங்கிக்குக் காவலிடுவதிற் பெற்ற அறிவைக் கொண்டு அவரே வாயு நீர்சூடாக்கிகள் செய்யத் தொடங்கினார். அவரது நிறுவனம் நாட்டின் பெரிய வாயுச் சூடாக்கி உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. பகலையும் இரவையும் குறித்த பெயர் சூரியனுடன் தொடர்பற்ற பொருளொன்றில் நிலைத்துவிட்டது. இதனை ஒரு தனி மனிதரின் கொள்கைத் தளர்ச்சியாக நோக்குதல் பொருந்தாது. மூலதனத்துக்கு ஒரு தொழினுட்பத்தின் மீது தனிப்பற்று இருப்பதில்லை.

கதை புளோரிடாவில் மீண்டும் நிகழ்ந்தது. பெய்லியின் ஆக்கவுரிமை 1923இல் அங்கு விற்கப்பட்டது. 1926இல் மயாமியைத் தாக்கிய சூறாவளியோடு வீடு கட்டும் வேகம் சரிந்தது. 1934ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தின்கீழ் அரசு உத்தரவாதத்துடன் வீடு திருத்தக் கடன் கிடைக்கத் தொடங்கியதும் விற்பனை மறுபடி உயர்ந்தது. 1941இல் மயாமி வாசிகளுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் சூரியனாற் சூடாக்கப்பட்ட நீரைப் பயன்படுத்தினர் எனப் பூட்டியும் பேர்லினும் மதிப்பிடுவர். கடன் வசதி திசை மாறியதும் மக்களின் தெரிவும் மாறியமையை இங்கு காண்கிறோம். ஆயின் அதே வீடமைப்பு நிருவாகம் அடைமானக் காப்புறுதி வழங்குகையிற் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைத் திட்டமிட்டு ஒதுக்கியது என்பதும் வரலாறு. கூரை சொந்தமில்லாத வாடகைக் குடியிருப்பாளருக்குச் சூரிய சூடாக்கி எந்நாளும் எட்டாத பொருளே. போர்க்காலத்திற் செம்பின் குடிசார் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. போரின் பின் மின்கட்டணம் குறைந்தது. மின் கம்பனிகள் மின்சூடாக்கியை முனைந்து பரப்பின. சூடாக்கிகளும் தம் பங்குக்குப் பழி தேடிக்கொண்டன. செப்புக் குழாயும் இரும்புத் தாங்கியும் ஒரே நீரிற் சேர்ந்தபோது நிகழ்ந்த மின்னிரசாயன அரிப்பினாற் பல தாங்கிகள் ஒழுகிக் கூரைகளைக் கெடுத்தன. இதனை மறைத்து, குற்றமற்ற கருவியொன்று சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டது எனக் கதை கட்டுவது முற்போக்கு வரலாற்றெழுத்துக்கும் உதவாது.

வலையமைப்பு எங்கே செல்கிறது, யாரைத் தாண்டிச் செல்கிறது என்ற வினா நமது நாட்டுக்கும் உரியது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலே துரையின் பங்களாவுக்குப் பின்புறத்தில் விறகுக் கொதிகலன் அமைந்திருந்தது. மேலே நாம் கண்ட மேற்காவுகைத் தத்துவத்தை அறிந்த எவரும் அதன் குழாய்களை நோக்கி அமைப்பைப் புரிந்துகொள்வர். விடியுமுன் எழுந்து அதற்கு விறகிட்டவர் பங்களா வேலையாள். குளிர்மிகுந்த அதே மலையில் லயத்துக் குடும்பங்களுக்குப் பீலியில் விழும் குளிர்நீரும், அடுப்பிலேற்றிய ஒரு பானை சுடுநீருமே வாய்த்தன. துரையின் வீடும் தொழிலாளியின் லயமும் ஒரே காலத்தில், ஒரே மலையில், வலையமைப்புக்குப் புறத்தே நின்றன. ஆயினும் ஒன்றிற் குழாயிற் சுடுநீர் வந்தது. 1950இல் இலட்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும், மலையகத்து நீரிற் பிறந்த மின்சாரம் லயங்களுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றது. லயன் அறைகளுட் பெரும்பாலானவற்றுக்கு மின்விளக்கு வரப் பல தசாப்தங்கள் ஆயின.

வலையமைப்பு கம்பியாகவோ குழாயாகவோ தெரிய வேண்டுமென்பதுமில்லை. இன்றைய மேனாட்டு மரக்குடிலிற் பலர் உருளையில் அடைத்த வாயுவாலேயே நீரைச் சூடாக்குகின்றனர். நிறுவுவது எளிது, வேண்டும்போது மட்டும் எரியும். ஆனால் அந்த உருளை எண்ணெய்க்கிணறு, சுத்திகரிப்பு நிலையம், கப்பல், வங்கிக் கடன் ஆகியவற்றின் வலையமைப்பு இரும்பிலே பொதிந்து வருவதாகும். 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி தீர்ந்து வாயுக் கப்பல்கள் வராதபோது, கொழும்பின் மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் இதனை நூலிற் படிக்காமலே அறிந்துகொண்டனர். விறகு தேடிப் போனவர்களும், உருளைக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களும், பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் இருளிற் சமைத்தவர்களும் யார் என்பதை ஒருவரும் கணக்கெடுத்து வைக்கவில்லையாயினும் நாம் எல்லாரும் கண்டோம்.

பெய்லியின் அமைப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. எரிபொருள் இறக்குமதிக்கு வழியற்ற நாடுகளில் அது மீண்டும் தோன்றியது. இசுரவேலில் 1950ஆம் ஆண்டுகளில் விற்பனைக்கு வந்தது. 1980இற் புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்குச் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. சுதந்திரம் பெற்று எட்டு ஆண்டுகளே கழிந்திருந்த சிறிய தீவான பாபடோசில், 1974 முதல் வரிச்சலுகையின் துணையுடன் உள்ளூர்த் தொழிலாக வளர்ந்தது. எம்மைப் போலக் கரும்பும் தேயிலையும் விற்று எண்ணெய் வாங்கும் நாடுகளின் வரிசையில் அத்தீவு தனித்து நிற்பது விரிவாக ஆராயத்தக்கது. சீனா பின்னர் உலகில் மிகுதியான சூரிய நீர்சூடாக்கிகளைக் கொண்ட நாடாகியது.

பிறந்த நாட்டில் அதற்கு நேர்ந்தது வேறு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், நகரங்களை விட்டு நீங்கிக் காட்டோரங்களிற் குடில் கட்டிய இளைஞர் சிலர் பழைய கூரைகளிலே தூசுபடிந்து கிடந்த கண்ணாடிப் பெட்டிகளைக் கண்டு, அவை எவையென விசாரித்தனர். அரசாங்கமும் வரிச்சலுகை அளித்தது. 1979 யூன் மாதத்திற் சனாதிபதி காட்டர் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதிக் கூரையில் 32 சூரியத் தகடுகளைப் பொருத்துவித்தார். அவை மின்சாரம் தருவன என்று பலர் எண்ணுவதுண்டு. அவை நீரைச் சூடாக்குவன. 1985ஆம் ஆண்டின் இறுதியில் வரிச்சலுகை காலாவதியாயிற்று. அடுத்த ஆண்டு கூரை திருத்தும்போது தகடுகள் கழற்றப்பட்டன. ரேகனின் நிருவாகம் அவற்றை மீளப் பொருத்தவில்லை. சில ஆண்டுகள் அரசாங்கக் களஞ்சியமொன்றிற் கிடந்தபின், மேயின் மாநிலத்துச் சிறு கல்லூரியொன்று அவற்றைக் கேட்டுப் பெற்றது. அவற்றுள் ஒரு பகுதி அக்கல்லூரி உணவு மண்டபத்தின் கூரையில் ஏற்றப்பட்டு, பாத்திரம் கழுவும் நீரைப் பல ஆண்டுகள் சூடாக்கிக்கொண்டிருந்தது.